நூற்றுப் பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு ஒரு மணி

றொய்ஸ்டன் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிறுகளில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளூர் இசைக்குழுவில் மேளமும் மணியும் அடிப்பார். சம்பளம் கிடையாது, தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

மணி அடிப்பவருக்கு அடிக்கிற வேலையை விடச் சும்மா நிற்கிற வேலைதான் அதிகம். எண்ணிக்கை பிசகாதவர் என்று அவர் வாங்கிய பெயரில் பாதிக்கு மேல் மனைவி இவோனுடையது. மன்னாரிலிருந்து கொண்டுவந்த செபமாலையோடு பார்வையாளர் பக்கம் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருப்பாள். ஒரு தாளச் சுற்றுக்கு ஒரு முத்து உருட்டுவாள். நேரம் வந்ததும் முகத்தை நிமிர்த்தி நாடியை உயர்த்துவாள், இவர் அடிப்பார்.

“செபமாலையில தாளம் எண்ணுறது பாவமில்லையோ?”

“மாதா ஒண்டும் சொல்லமாட்டா. நீங்கள் பிழை விட்டால்தான் சனம் சிரிக்கும்.”

கச்சேரி முடிந்து காரில் ஏறியதும், “சரியோ?” என்பார். “ஓம், சரி” என்பாள். இருபது வருடம் இதே பேச்சு.

இவோன் செத்து எட்டு மாதம். இப்போது வாசிப்பது, ஆக்லாந்திலேயே பிறந்த ஓர் இசையமைப்பாளர் தன் நகரத்தைப் பற்றி எழுதிய புது இசை. கடைசிப் பகுதியில் துறைமுகத்தில் மழை பெய்து ஓயும். நூற்றுப் பன்னிரண்டு சுற்று சும்மா நின்று, பிறகு ஒரேயொரு மணி அடிக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டு தடவை மழைக்கு நடுவிலேயே அடித்துத் தொலைத்தார். அறுபதை எட்டுவதற்குள் மனம் மூன்றாம் வரிசைக்குப் போய்விடுகிறது. இன்னொரு தரம் பிசகினால் வேறு ஆளைத்தான் போட வேண்டிவரும் என்று நடத்துநர் மிகவும் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுக்கு நாலு வசவு தேவலை. கிடங்கையும் வீட்டையும் விட்டால் அவருக்குப் போக இந்த ஓர் இடம்தான் மிச்சம்.

கச்சேரி ஞாயிறு பிற்பகல். மூன்றாம் வரிசை ஓர டிக்கெட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். மழைப் பகுதி தொடங்கியதும் இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். செபமாலை அங்கே இருந்தது. பத்துப் பத்தாக ஐந்து, ஒரு முழு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு ஒரு பத்து, அதற்கு மேல் இரண்டு முத்து. நாடியை உயர்த்த ஆளில்லை. தானே உயர்த்திக்கொண்டு அடித்தார்.

இம்மியும் பிசகவில்லை. இசையமைப்பாளரே தேடி வந்து கைகுலுக்கினார். நடத்துநர் முதுகில் தட்டினார். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு றொய்ஸ்டன் காருக்கு வந்தார். வெளியில் உண்மையாகவே மழை பிடித்திருந்தது. செபமாலையைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட்டைப் போட்டார்.

“சரியோ?” என்று வாய் தானாகக் கேட்டது.

ஓம் என்று சொல்ல ஆளில்லாமல், அவர் கனநேரம் காரை எடுக்கவேயில்லை.