நெஞ்சுக்குப் போன இடது கை

என் போனில் ஒரு வீடியோ துண்டு கிடக்கிறது. அதில் சத்தம் கிடையாது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு இடது கை மேசையிலிருந்து எழுந்து, நெஞ்சில் ஒரு கணம் படிந்து, மறுபடி இறங்குகிறது. அவ்வளவுதான். கழுத்துக்கு மேல் படத்தில் எதுவும் இல்லை. கம்பெனியின் பயிற்சி வீடியோவிலிருந்து நான் வெட்டிய துண்டு அது. வெட்டியதை அழித்திருக்க வேண்டும். போனில் இடமில்லை என்று வரும்போதெல்லாம் சொந்த அண்ணன் கல்யாணப் படங்களைக்கூடத் தயங்காமல் அழித்திருக்கிறேன், இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று எதுவுமே இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவள் நான். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில், பயிற்சிப் பிரிவில் வேலை. புதிதாகச் சேரும் பெண்களில் ராயக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கு பேசுவார்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கன்னடம், ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஒடியா. நான் பேசுகிற தமிழைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகளே சிரித்தார்கள். எங்கள் மேனேஜர் பெங்களூர்க்காரர். பேசினால்தானே இவ்வளவு தொல்லை, பேச்சே இல்லாமல் வீடியோ எடுத்துவிடலாம், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டினார். முகமும் தேவையில்லை, கை தெரிந்தால் போதும் என்றார். கேட்டபோது அருமையான யோசனையாகத்தான் இருந்தது.

யாருடைய கையை எடுப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து நான் வந்துபோகும் அதே கம்பெனி பஸ்ஸில் வரும் அக்காவின் கைதான். மாங்காய் மண்டியில் வேலை பார்க்கும் கணவர், பர்கூர்க் கல்லூரியில் படிக்கும் மகள், தலையை மூடிய முக்காட்டின் மேல் கம்பெனித் தொப்பி. வலது கையால் ஒயர் முனையை மிஷினுக்குள் நீட்டிக் காலால் பெடலை மிதித்தால், மிஷின் அதில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் கடித்துப் பொருத்தும். அக்கா அந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால், நமக்கும் வந்துவிடும் போலத் தோன்றும். நான் உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. ஆனால் பெடல் மிதித்து மிதித்து அக்காவின் முட்டி வீங்கிப் போயிருந்தது. பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். வீடியோவில் யார் வருகிறார்களோ அவரையே ட்ரெய்னராகப் போடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ட்ரெய்னர் என்றால் பெடல் கிடையாது. அக்காவுக்கு அந்த ஒரு வேலைதான் வேண்டியிருந்தது.

வீடியோ எடுத்தேன், பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் அருமையாகக் கற்றுக்கொண்டார்கள். ரொம்பவே அருமையாக. மறுவாரம் லைனுக்குப் போனால், வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒயரை நீட்டினார்கள், இடது கையை நெஞ்சில் வைத்தார்கள், பெடலை மிதித்தார்கள். அடுத்த ஒயர், மறுபடி நெஞ்சில் கை. மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். அக்கா அப்படிச் செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பார்த்ததாகவே மனதில் பதியவில்லை. வீடியோவில் எது வேலை, எது அக்கா என்று பிரித்துச் சொல்ல அதில் ஒரு வார்த்தை பேச்சு இல்லையே! பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? காட்டியதைச் செய்தார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்லத் தொடங்கினார்கள். மிஷினை மதித்துக் கும்பிடுவது என்றாள் ஒரு தெலுங்குப் பெண். அக்கா தொழுகைக்காரி, அவர்கள் வழக்கமாக இருக்கும் என்றார் ஒருவர். வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நேரமும் வீணாகிறதே என்று மேனேஜர் கவலைப்பட்டார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. அந்தக் கை இல்லாமல் மறுபடி எடு, அதன்பிறகு ட்ரெய்னர் விஷயம் பேசலாம் என்றார்.

மறுபடி எடுத்தோம். இதிலென்ன இருக்கிறது என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். கை நெஞ்சுக்குப் போயிற்று. நிறுத்தினேன். மறுபடி போயிற்று. அக்கா தன் இடது கையைப் பார்த்து, "அடச்சீ, கம்முனு இரு" என்று அதட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை இடது கையால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அடங்கியது, ஆனால் வலது கை தடுமாறிவிட்டது. ஒயர் கோணலாகப் போய் நசுங்கி வந்தது. அடுத்ததும் நசுங்கியது. லைனில் ஒரு ஒயரைக்கூட வீணாக்காத கை, என் கேமரா முன்னால் வீணாக்கிக்கொண்டே இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அக்கா கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்படி வந்த பழக்கம் என்று கேட்டேன். முன்பெல்லாம் ஐடி கார்டு கழுத்தில் கயிற்றில் தொங்குமாம், குனிந்தால் மிஷினுக்குள் போய்விடுமாம், அதைப் பிடித்துக்கொண்டே மிதித்த பழக்கம் என்றாள். சரி, விஷயம் இவ்வளவுதானா என்று நினைத்தேன். சூளகிரி தாண்டியதும் வேறொன்று சொன்னாள். சேர்ந்த புதிதில் பக்கத்து மிஷின் பெண்ணின் விரல் மாட்டிக்கொண்டதாம், அந்தச் சத்தத்தில் பதறி நெஞ்சுக்குப் போன கையாம். கிருஷ்ணகிரியில் இறங்கும்போது, "பிஸ்மில்லான்னு சொல்லிக்கினு மிதிக்கறேன்னு வெச்சிக்கயேன்" என்று சிரித்தாள்.

"இதுல எது அக்கா நெசம்?"

"எனக்கே தெரிஞ்சா நிறுத்திட மாட்டனா கண்ணு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. கை நெஞ்சில் இருக்கிற நேரம் அது மிஷின் பக்கத்தில் இல்லை, அப்படியானால் அது பத்திரத்துக்கான வழியா? இல்லை, வெறும் தேவையில்லாத அசைவுதானா? மேனேஜரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? மூன்று காரணங்களையும் சேர்த்துச் சொன்னால் மூன்றும் பொய் போலக் கேட்கும். கடைசியில் ஒன்றும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாள் நெருங்கிவிட்டதால், பழைய வீடியோவிலேயே அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டினேன். ட்ரெய்னர் வேலை, ஒழுங்காகக் கையைக் கீழே வைத்திருக்கும் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அக்கா இன்னும் சில மாதம் பெடல் மிதித்தாள். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் அவள் இடம் காலியாக இருந்தது. இப்போது சாமல்பட்டியில், படிப்பு முடிந்து கல்யாணமாகிப் போன மகள் வீட்டில் இருக்கிறாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அது கெடக்குது, நீ சாப்டியா?" என்பாள்.

கொடுமை என்னவென்றால், அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. பயிற்சி அறையில் ஒவ்வொரு புதுக் கும்பலுக்கும் அதைத்தான் போடுகிறோம். அக்காவுக்குக் கொடுக்காத வேலையை அக்காவின் கைகள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவளுடைய முகம் என்னிடம் ஒரு படத்தில்கூட இல்லை.

போன வாரம் ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். ஒயரை நீட்டியதும் தயங்கினாள். இடது கை மேசையிலிருந்து லேசாகக் கிளம்பி, போக இடம் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. நான் வெட்டிய இடம் அது. அங்கே படம் லேசாகக் குதிப்பதை மற்றவர்கள் கவனித்ததே இல்லை. திரையைக் காட்டி, தான் கற்றுக்கொண்ட கொஞ்சம் தமிழில் கேட்டாள்.

"அக்கா, இங்க ஒண்ணு காணோம்."

விதிப்படி, ஒன்றும் இல்லை, மேலே செய் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் போனை எடுத்து நீட்டிவிட்டேன். கை எழுந்தது, நெஞ்சில் படிந்தது, இறங்கியது. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். தன் கையையும் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். ஐடி கார்டு, மாட்டிய விரல், பிஸ்மில்லா எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்குள் வந்து முட்டிக்கொண்டன. தெரியாதும்மா என்றேன்.

அவள் போனை வாங்கி, கழுத்தோடு படம் நின்றுபோகிற அந்த மேல் விளிம்பில் விரலை வைத்து, இதையாவது சொல் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"யாரு?"

இதற்கு மட்டும் நான் குழம்பவில்லை.

"உன் ட்ரெய்னர்" என்றேன்.