நான் கூட்டி வைத்த தூரம்

என் பேரன் பட்டாளத்தில் சேரக் கூடாது என்று அம்மனிடம் வேண்டினேன். வேண்டியதோடு விடவில்லை. அதற்காக ஒரு திருட்டு வேலையும் செய்தேன். அது அவன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அவனைத் திருப்பிக் கொடுத்தவள் எங்கள் தெருக்கோடி எல்லையம்மன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற உங்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எனக்கு எண்ணத் தெரியும், எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுச் செல்வி எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக மாற்றுகிறாளாம். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

என் மகள் மஞ்சள் காமாலையில் போனபோது குமரேசனுக்கு நாலு வயசு. அவன் அப்பன் மறுகலியாணம் செய்துகொண்டு ஆரணிப் பக்கம் போய்விட்டான். பிள்ளையை நான்தான் வளர்த்தேன். கால் எட்டுகிற வயசானதும், அவள் உட்கார்ந்து நெய்த அதே தறியில் அவனை உட்கார வைத்தேன். உடம்பையும் கரையையும் தனித்தனி நூலில் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடம்புக்கு, குறுக்கே நூலை ஓட்டுகிற நாடாவை அவன் போடுவான். கரைக்கு ஓரத்தில் உட்கார்ந்து நான் போடுவேன். அவள் போய்ப் பதினைந்து வருஷம் அப்படி ஓடியது.

பங்களாதேஷ் சண்டை முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். தறிக் குழியிலிருந்து காலை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"ஆயா, வேலூர்ல பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களாம். நான் போவப்போறேன்."

"உன் காலு பொறந்ததுலேர்ந்து குழியில தொங்கிக்கினு இருக்குது. அதை வெச்சிக்கினு சண்டைக்கா? பாகிஸ்தான்காரன் சிரிச்சே செத்துடுவான்."

அவன் சிரிக்கவில்லை. "அம்மா உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கினு இருக்கறேன் ஆயா. தினம் அந்தக் குழியில காலை வெக்கும்போது இன்னா தோணுது தெரியுமா?"

அவளைப் புதைத்த குழியிலேயே இறங்குகிற மாதிரித் தோணும். எனக்கும் அதுதான் தோணும்.

திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் தாமோதரன் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். அவரிடம் போய் நின்றான். ஒரு மைலை ஆறு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும் என்றார் அவர். முதல் நாள் அரை பர்லாங்குக்குள் இவனுக்கு வாந்தி.

"எடுத்த எடுப்புல பறக்காத தம்பி," என்றார். "ஒரு வெளக்குக் கம்பம் ஓடு, ஒரு கம்பம் நட. பத்து நாள் அப்படியே செய். அப்புறம் ரெண்டு கம்பம் ஓடு. ஓடும்போது வாயில பேச்சு வரணும். பேச்சு வர்ற வரைக்கும் உசுருக்கு பயமில்ல. வரலன்னா வேகத்தைக் கொற."

அதனால் தினமும் விடியலில் நான் வழியில் நின்று அவனைக் கேள்வி கேட்பேன். "இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்பேன். "கத்... திரிக்கா..." என்று இழுத்துக்கொண்டே போவான். ஒரு மாதத்தில் 'கத்திரிக்கா' ஒரே மூச்சில் வந்தது. இவன் போய்விடுவான் என்று அப்போதுதான் நம்பினேன்.

மைலை அளந்து கல் வைக்க வேண்டும் என்றான். தறியில் நீளவாக்கில் பூட்டுகிற பாவு நூலை அளக்க எங்கள் எல்லார் வீட்டிலும் கயிறு உண்டு. மூன்று புடவைப் பாவு, பதினெட்டு கெஜம். தொண்ணூற்றெட்டுத் தரம் கயிறு போட்டால் ஒரு மைல் என்று தாமோதரன் கணக்குச் சொன்னார். குமரேசன் புடவை கொடுக்கக் கடைக்குப் போயிருந்த நாளில், தாமோதரன் வீட்டு வாசலிலிருந்து எங்கள் தெருவைப் பார்த்து நான் அளந்தேன். கயிற்றின் மறு முனையைக் கோயில் பூசாரி எல்லப்பன் பிடித்தார். தொண்ணூற்றெட்டுப் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்றைக் கீழே போட்டேன்.

கொட்டைக் கணக்கில் தப்பில்லை. கயிற்றில்தான் தப்பு. பாவைத் தறியில் பிணைக்க இரண்டு முனையிலும் ஒரு கெஜம் கூட விடுவோம். அதற்காகக் கயிற்றில் முடிச்சுக்கு அப்புறம் வால் இருக்கும். அளவு என்றால் முடிச்சுக்கு முடிச்சு. நான் வாலையும் சேர்த்துப் போட்டேன். எல்லப்பன் பூக் கட்டுகிறவர், அவருக்கு அது தெரியாது. உண்மையான மைல் வழியோரத்துப் புளிய மரத்தோடு முடிந்தது. என் கல்லோ இருநூறு கெஜம் தள்ளி, அம்மன் வாசலுக்கு நேரே விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கைகூப்பி, "தாயே, அவன் தோத்துடணும். எனக்கு வேற யாரு இருக்கறாங்க?" என்றேன்.

புரட்டாசி போய் ஐப்பசியும் வந்தது. தாமோதரன் கொடுத்த கைக்கடிகாரத்தில் ஆறரை நிமிஷத்துக்குக் கீழே அவன் வரவே இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்வான். அவன் புளிய மரத்தைத் தாண்டினதிலிருந்து கல்லைத் தொடுகிற வரைக்கும் நான் மனசுக்குள் எண்ணுவேன், நாற்பது வரும். கழித்துப் பார்த்தால் மரத்தை ஆறு நிமிஷத்துக்குள் தாண்டியிருப்பான். அவன் தேறிவிட்டான். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வேலூருக்கு இன்னும் மூன்று வாரம். அடைமழை. அவனுக்கு உடம்பு சுட்டது. போகாதே என்றேன். "இன்னும் அரை நிமிஷம் கொறையணும் ஆயா" என்று போனான். குடையோடு பின்னாலேயே போய்க் கோயில் வாசலில் நின்றேன். புளிய மரத்தைத் தாண்டி வந்தான். "இன்னா கொழம்புடா?" என்று கத்தினேன். பதில் இல்லை. பத்து அடி வந்தான். விழுந்தான்.

நான் கூட்டி வைத்த தூரத்தில் விழுந்தான்.

ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு கிழிந்த துணி மாதிரி வந்தது. அங்கிருந்தே கோயிலைப் பார்த்தேன். கும்பிடக் கை இல்லை. "தாயே, நான் திருடி. தூரத்தைத் திருடினவ. இவன் மூச்சை மட்டும் குடு. இவனை நானே பட்டாளத்துக்கு அனுப்பி வெக்கறேன். புடிச்சி வெக்க மாட்டேன்." இதுதான் நான் வேண்டியது. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லப்பன் ஓடி வந்து அம்மன் செம்புத் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தார். இரண்டு பேருமாகக் கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளினோம். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்றார் டாக்டர். மூன்று நாள் ஊசி மேல் ஊசி. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மஞ்சள் காமாலையில் அவளும் கடைசியில் இப்படித்தான் என்னைத் தாண்டிப் பார்த்தாள். அந்த மூன்று நாளை நான் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

நாலாம் நாள் விடிந்ததும் கண்ணைத் திறந்தான். வாயைத் திறந்தான்.

"ஆயா. எவ்ளோ நிமிஷம்?"

பேச்சு வந்துவிட்டது. நான் அழுதேன். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கயிறு, வால், புளிய மரம், அவன் எப்போதோ தேறினது, எல்லாம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் கஞ்சி ஊட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ கூட வெச்சே?"

"இருநூறு கெஜம்."

"பாவி ஆயா," என்றான். அப்புறம், "நான் போனா உடம்புக்கு நாடா போட ஆள் இருக்காதே, அதுக்காகவா?"

"பொடவை கெடக்குது போடா. நீ இருக்க மாட்டியேடா," என்றேன்.

அந்தத் தரம் வேலூருக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆனியில் போனான். நானே கட்டுச்சாதம் கட்டி பஸ் ஏற்றினேன். ஐந்தே முக்கால் நிமிஷத்தில் ஓடித் தேறிவிட்டான். முடிவுக் கோட்டைத் தாண்டியும் கால் நிற்காமல் அது பாட்டுக்கு ஓடியதாம். சட்டையைப் பிடித்து நிறுத்தினார்களாம். "உன் மைல் என் காலை விட்டுப் போவலை" என்று எழுதியிருந்தான். செல்விதான் படித்துக் காட்டினாள். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

இப்போது மலைப்பக்கம் எங்கேயோ இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தரம் வருவான். தறியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் நூல் சுற்றிக் கொடுத்துச் சாப்பிடுகிறேன். சாயங்காலம் வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. அது அம்மன் குற்றம் இல்லை. நான் கேட்டதைக் கொடுத்தாள், நான் சொன்னதை எடுத்துக்கொண்டாள். மூச்சு அவனிடம் இருக்கிறது. எனக்கு அது போதும் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் போதுமாகவும் இருக்கிறது.

முன்பெல்லாம் அவளிடம் சாமர்த்தியம் காட்டுவேன். இப்போது இல்லை. நீங்களும் கேட்பதை உள்ளபடி கேளுங்கள். திருட்டைச் சொல்லியே கேளுங்கள். அவள் கோபித்துக்கொண்டு போகிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் புளிய மரத்திலிருந்து கோயில் வரைக்கும் செருப்பில்லாமல் நடக்கிறேன். நான் கூட்டி வைத்த அந்த இருநூறு கெஜத்தை நானே நடந்து தீர்க்கிறேன். இப்போதெல்லாம் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. மனசில் பாரம் இருக்கிறவர்கள் என்னோடு வாருங்கள். பேசிக்கொண்டே நடக்கலாம். பேச்சு வருகிற வரைக்கும் உயிருக்குப் பயமில்லை என்று தாமோதரன் சொல்லியிருக்கிறார்.