அத்தான் பிடித்த விரால்

தையற்கடைக்காரிக்கு ‘ஊசி’ என்று பட்டப்பெயர் வந்தது தொழிலால் மட்டுமல்ல, வாயாலும்தான். குத்துவது தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் வலிக்கும்.

கடைக்கு விடுமுறையென்றால் தூண்டிலோடு தெருக்கோடிக் குளத்தில் உட்கார்ந்துவிடுவாள். போன மழைக்குப் பிறகு, தவளையைக் கோத்துப் போட்டுப் பல வாரம் பொறுத்திருந்து, கை நீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்தாள். பிடித்ததை அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்காள் புருஷன் அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் படம் குளக்கரை டீக்கடைச் சுவரில் இருந்தது. கீழே ‘குளத்து ராஜாவைப் பிடித்த ராஜா’ என்று எழுத்து வேறு.

“அத்தான், அது நான் பிடிச்ச மீனு.”

“ஊசியில நூல் கோக்குற கை விராலைப் பிடிச்சுதுன்னா யாரும்மா நம்புவா? குடும்பத்துக்குப் பேருதானே, விடேன்.”

டீக்கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் தூண்டிலோடு போனால், “ராஜாகிட்ட பாடம் கேட்டுட்டு வாம்மா” என்றார்கள். அவள் கோபத்தை இஸ்திரி போட்ட துணிபோல் கசங்காமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

அயிரையை விட்டு விராலைப் பிடிப்பார்கள். அவள் கெளுத்தியை விட்டு அத்தானைப் பிடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. டீக்கடை பெஞ்சுகள் நிறைந்திருந்தன; நடுவில் அத்தான். தூண்டில் நரம்பில் துள்ளும் கெளுத்தியோடு கடைக்குள் வந்தாள்.

“அத்தான், தூண்டில் முள்ளை முழுங்கிருச்சு. எனக்குக் கழட்ட வரல. ராஜா கை பட்டா வந்துரும்.”

“காட்டுங்க ராஜா!” என்றார்கள் எல்லாரும்.

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்று அத்தான் சோப்புக்கட்டியைப் பிடிப்பதுபோல் கெளுத்தியை இறுக்கிப் பிடித்தார். அதற்கு முதுகில் ஒரு விஷமுள், செவுளோரம் இரண்டு. ஒருமுறை பிடித்தவன் மறுமுறை அப்படிப் பிடிக்கமாட்டான்.

அவர் போட்ட அலறலில் டீ கொட்டியது.

“வெந்நீர்ல கைய வெச்சா வலி இறங்கும்” என்ற ஊசி, கடைக்காரரிடம் சூடு பார்த்து ஒரு சட்டியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடும்மா, சீக்கிரம்!”

“குடுக்கிறேன் அத்தான். விராலைப் பிடிச்சது யாரு?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“தண்ணி ஆறுது.”

“நீதான்! நீதான் தாயே!”

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.”

அவர் குளத்தின் அக்கரைக்கும் கேட்கக் கத்தினார். அதன் பிறகே சட்டியை நீட்டினாள்.

அவர் கையை ஊறவைத்துக்கொண்டிருக்கையில், படத்தைச் சுவரிலிருந்து உரித்து, பையிலிருந்த கத்தரியால் ஒரே ஓட்டமாக வெட்டினாள். தலையும் உடம்பும் எழுத்தும் கீழே விழுந்தன. மீனையும் அதைத் தாங்கும் இரண்டு கைகளையும் மட்டும் திரும்ப ஒட்டினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காள், வீங்கிய கையைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். பிறகு சுவரருகே போய்ப் படத்தின் விளிம்பை விரலால் தடவினாள்.

“வெட்டு நேரா இருக்குடி” என்றாள்.