தெத்துப்பல்

என் அக்கா புருஷன் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும், போன பல்லுக்குப் பதிலாக வைக்கிற பிரிட்ஜும் செய்து தருகிற ஆள். மாடியில் ஒரே ஒரு அறை. மேசை முழுக்க பிளாஸ்டர் தாடைகள், மூலையில் பீங்கான் சுடுகிற சின்ன அடுப்பு. ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. பேச ஆரம்பித்தால் நம் காது புளித்துப் போகும், எல்லாம் பல்லைப் பற்றித்தான்.

அக்காவுக்கு முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். கல்யாணமான புதிதில் விருந்தாளிகள் முன்னால், "இதுதான் எங்க வீட்டுத் தெத்துப்பல்லி" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. அந்தக் கை அப்புறம் இறங்கவே இல்லை. கேப் போட்டு நேராக்கிவிடலாம் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அவள் பிடிகொடுக்கவில்லை.

இப்போது அவளுக்கு மறதி நோய். என்னைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "நான்தான்" என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொள்வாள். எங்களுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அந்த இரண்டு பல்லும் போய்விட்டன. அத்தான் மற்ற வேலையையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு பிரிட்ஜ் செய்தார். டாக்டர் முதலில் தற்காலிகமாக, கழற்ற முடிகிற பசையில் ஒட்டிவிட்டார். முத்துப் போல நேரான பற்கள். அக்கா கண்ணாடியைப் பார்த்தாள்.

"யாரு இந்தம்மா? எதுக்கு நம்ம வீட்டுல நிக்கிறாங்க?"

மறுநாளும் அதே கேள்விதான். பிறகு கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னாள். சீப்பைக் கையால் தொடவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு உங்களை நேராக்கச் சொன்னது அத்தான்?"

"கைப் பழக்கம்மா. பழையபடியே செஞ்சிடுறேன்" என்று மேசையில் உட்கார்ந்தவர், கத்தியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். "எந்தப் பல்லு மேல இருந்துச்சு?"

ஊரார் வாயையெல்லாம் அச்சில் வைத்திருந்தவரிடம் பெண்டாட்டியின் பழைய வாய்க்கு ஒரு அச்சு இல்லை. அவள் காட்டினால்தானே. ஆல்பத்தைப் புரட்டினோம். எல்லாப் படத்திலும் மூடிய உதடு, இல்லாவிட்டால் கை.

எனக்குத் தெரியும். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவள் நான். என்னிடம் அவள் வாயை மூடிச் சிரித்ததே இல்லை. அத்தான் மெழுகுப் பல்லை மெல்ல நகர்த்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், ம்... போதும்" என்றேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்."

அரிசி நுனி அளவுகூட இருக்காது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஆறுதல் சொல்லவில்லை.

புதியதை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் துணியை எடுத்தோம். அக்கா உற்றுப் பார்த்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பின்னால் போய் நின்றார். அவள் அவரைக் கண்ணாடியில் பார்த்தாள். உடனே கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது.

அவர் அதைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.