கொடி விழும்வரை

ஆஸ்டின் டவுனில் காந்தாக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஆயா. அது போக, கௌரி என்கிற ஒரே மாட்டை வைத்து எங்கள் சந்துக்கே பால் ஊற்றுகிறவள். பிள்ளை பிறந்து அரை மணிக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தடை சொல்லும் மாமியார்களை வார்டிலிருந்தே துரத்திவிடுவாள். அப்படிப்பட்ட வாய் அன்று வீட்டில் மூடிக் கிடந்ததுதான் எனக்கு எரிச்சல்.

விடியற்காலை நாலரைக்குக் கௌரி கிடாரிக் கன்று போட்டது. மதியம் ஒரு மணியாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. பின்னால் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. கொடி விழும்வரை மடியில் கை வைக்கக் கூடாது, கன்றையும் விடக் கூடாது என்பது அவள் புருஷன் அப்பாதுரை வீட்டு வழக்கம். அதனால் கன்றைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். காலையெல்லாம் கத்தியது. பதினொரு மணிக்கு மேல் அதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் கௌரி போட்ட கன்றும் இப்படித்தான் ஓய்ந்து, இரண்டாம் நாள் செத்தது. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தார்கள்.

அப்பாதுரை செங்கல்லும் கயிறுமாக வந்தார். கொடியில் கட்டிவிட்டால் பாரத்துக்கு விழுந்துவிடுமாம். நான் மாட்டு டாக்டர் வீணாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டர் டிராஃபிக்கில் மாட்டியிருந்தார். பாரம் கட்டாதீர்கள், இழுக்காதீர்கள், கர்ப்பப்பை புண்ணாகிவிடும் என்றார். கன்று பால் குடித்ததா என்று கேட்டார். காந்தாக்கா வழக்கத்தைச் சொன்னாள். டாக்டர் ஹாரன் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார்:

"அக்கா, உங்க வார்டுல கொடி விழ லேட்டானா குழந்தையப் பட்டினி போடுவீங்களா?"

காந்தாக்கா எழுந்து போய்க் கன்றை அவிழ்த்தாள். அப்பாதுரை குறுக்கே நின்றார்.

"கொடி விழாம கன்ன விட்டா மாடு தங்காதுடி."

"நகருங்க. மாட்டுக்கு டாக்டர் வராங்க. இதுக்கு யார் இருக்கா?"

கன்றுக்கு நிற்கத் தெம்பில்லை. நானும் அவளும் தூக்கிப் பிடித்தோம். சீம்பாலைப் பீய்ச்சி விரலால் வாயில் தடவினாள். நாக்கு அசையவில்லை. மறுபடி தடவினாள், மறுபடியும். நான் நம்பிக்கையே விட்டுவிட்டேன். பிறகுதான் அது விரலைச் சப்பியது. காம்பில் வைத்ததும் விடாமல் குடித்தது.

மூன்றரைக்குக் கொடி விழுந்தது. கன்று குடித்ததில் கர்ப்பப்பை சுருங்கியதும் ஒரு காரணம் என்றார் வந்து சேர்ந்த டாக்டர். கொடியை விரித்து, முழுசாக வந்திருக்கிறது, மாட்டுக்கு ஜுரமும் இல்லை, ஆனாலும் சில நாள் கவனியுங்கள் என்று சொல்லிப் போனார். அப்பாதுரை கொடியை வைக்கோலில் சுற்றி, வழக்கப்படி ஆலமரத்தில் கட்ட எடுத்துப் போனார், எல்லாம் தன் கைராசி என்பதுபோல.

காந்தாக்கா கன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"போன கன்னும் இப்படித்தான் கத்துச்சு," என்றாள். "அதக் கட்டிப் போட்டுட்டு டூட்டிக்குப் போனேன். அன்னிக்கு வார்டுல அஞ்சு குழந்தைய நான்தான் பால் குடிக்க வெச்சேன்."