கல்யாண ஓலையும் மூன்று ஞாயிறும்

சபைச் செயலர் வேலை என்பது ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து நாலு அறிவிப்பு வாசிப்பதுதான் என்று நம்பி ஒப்புக்கொண்டவன் நான். உங்களிலும் சிலர் இப்படி ஏமாந்திருப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

முதல் ஓலை

கணபதி ஏரியாவில் எங்கள் சபை சின்னது. ஆயருக்கு மூன்று சபைகள் என்பதால், கல்யாண ஓலை வாசிக்கும் பாக்கியம் என்னுடையது. மாப்பிள்ளை, பெண் பெயரைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு வாசித்து, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று கேட்க வேண்டும். டேனியலுக்கும் ஷாரனுக்கும் சரியாக மூன்று ஞாயிறுதான் இருந்தது. மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாளே கல்யாணம் வைத்தாக வேண்டும்; புதன்கிழமை ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்கிவிடும், அதில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வருவதற்குள் டேனியலின் லீவு முடிந்து மஸ்கட் போய்விடுவான். தள்ளிப்போனால் ஒரு வருஷம்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "சாமுவேல் மகன் டேனியல்" என்பதை "டேனியல் மகன் சாமுவேல்" என்று வாசித்துத் தொலைத்தேன். மகனுக்குப் பார்த்த பெண்ணை அப்பாவுக்கே நிச்சயம் பண்ணிவிட்டேன்! அது தெரியாமல் தடையும் கேட்டேன். சாமுவேலின் மனைவி கிரேஸ் அக்கா எழுந்தார்.

"ஏனுங்க செகரட்டரி, தடை நாந்தானுங்க. இன்னும் உசுரோடதானுங்க இருக்கறேன்."

இரண்டாம் ஓலை

இந்த முறை பெயரெல்லாம் சரி. தடை கேட்டதும் சபை மூப்பர் மோசஸ் அண்ணன் எழுந்தார். சிரிக்கத் தயாரானேன், அவர் சிரிக்கவில்லை. லீவில் வந்த நாளிலிருந்து டேனியல் ஆராதனை முழுக்க வெளியே வேப்பமரத்தடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறான், சபைக்கு ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாதவனுக்குச் சபையில் கல்யாணம் எதற்கு என்றார். ஷாரனின் அம்மா அழுதேவிட்டார். அவசரமாக ஆயரைக் கூப்பிட்டேன். போனில் கேட்டால், மோசஸ் அண்ணன் தடையை விலக்கிக்கொண்டால்தான் மூன்றாம் ஓலை என்று ஆயர் கையை விரித்துவிட்டார்.

அத்தனை கலவரத்திலும் டேனியல் மரத்தடியில்தான் இருந்தான். ஷாரன் நேரே போய் அவன் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

"நான் வேணும்னா மொதல்ல உள்ள வந்து உக்காருங்க."

மூன்றாம் ஓலை

அந்த ஞாயிறு, சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் ஐக்கிய விருந்து. விருந்து வேலைக்கு முந்தின நாளே டேனியல் ஆஜர். மோசஸ் அண்ணன் விடுவாரா? பவானி ஜமக்காளம் பன்னிரண்டையும் உதறச் சொன்னார். மூன்று வருஷத் தூசி. பையன் தும்மித் தும்மிப் பாதி ஆளாகிவிட்டான். அதோடு விடாமல் வெங்காயம் உரித்தான், பெஞ்சு நகர்த்தினான். அவன் மடித்து அடுக்கிய ஜமக்காளங்களை மோசஸ் அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் வாசித்தேன். தடையும் கேட்டேன். மோசஸ் அண்ணன் எழுந்தார். ஷாரன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தடை இல்லீங்க. லீவு முடியறவரைக்கும் ஜமக்காளப் பொறுப்பு அவனுக்குத்தானுங்க. ஆனா பையன் ஜமக்காளம் மடிச்ச லட்சணத்தப் பார்த்துப்போட்டேன், அம்மணி பாடுதான் பாவமுங்க."

ஆண்டவர் மன்னித்தால் அதோடு மறந்துவிடுவார், சபை மன்னித்தால் கையோடு ஒரு பொறுப்பையும் கொடுத்துவிடும்.