சாக்குக்குள் எரிந்த விளக்கு

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது என் வேலை. சாயங்கால பஸ் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் என்னை இறக்கிவிடும்போது நன்றாக இருட்டியிருக்கும். அங்கிருந்து வீடு வரை ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் எங்கள் வயல், நடுவில் பேருக்கு ஒரு தார்ச்சாலை. அதற்கு ஒரு விளக்கு கேட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தே என் செருப்பு தேய்ந்தது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் கடைசியில் ஒரு எல்இடி விளக்கு போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஊரே பாராட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும் அதை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கார்த்திகையில் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலை கும்மிருட்டு. பல்பு போய்விட்டது என்று பேரூராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீடு சேர்ந்தேன். மறுநாள் காலையில் போன் போட்டு ஆளை வரவழைத்தேன். ஏணியில் ஏறியவர் மேலேயே நின்று சிரித்தார்.

"லைட்டு நல்லாத்தான் எரியுதுக்கா. உள்ள எரியுது."

யாரோ யூரியா சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைக் கட்டியிருந்த துணியோ என் பழைய மாம்பழ மஞ்சள் புடவையின் கரை. திருடனைத் தேடி நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

"பயிருக்கு ராத்திரின்னா ராத்திரியா இருக்கணும்," என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் வெட்கப்படாமல். "வெளிச்சம் பட்டா இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு கதிர் விடாம நிக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. கம்பத்தடியில் மட்டும் பயிர் பச்சையாகவே நின்றதைப் பக்கத்து ஊரில் நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பயிர் தூங்கவேண்டும் என்று கவலைப்படுகிறவர் பெண்டாட்டி எப்படி வருகிறாள் என்று கேட்டதில்லை.

"சரிங்க, சாக்கு இருக்கட்டும். கதிர் வர்ற வரைக்கும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க," என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். அவரிடம் வண்டி இருந்தது, வண்டியில் லைட்டும் இருந்தது. பயிருக்குத்தான் இருட்டு, அவருக்கில்லை.

ஒருநாள் வண்டி பட்டறையில் நின்றுவிட்டது. நடந்தே வந்திருந்தார். இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லை.

"பொறந்து வளந்த ஊரு. கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்டுக்குப் போயிடுவேன்," என்று முன்னால் நடந்தார். மதகடியில் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். நான் சிரித்த சிரிப்பில் வாய்க்கால் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டன.

சேற்றை உதறிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பைக் வந்தது. என் பக்கத்தில் வந்ததும் மெதுவானது, கூடவே ஊர்ந்தது. வாய்க்கால் ஓரத்திலிருந்து அவர் நிமிர்ந்ததும் சட்டென்று வேகமெடுத்துப் போய்விட்டது.

"யாரு அது?" என்றார்.

"தெரியாது. அப்பப்ப வரும். இன்னிக்கு நீங்க இருந்ததால போயிடுச்சு."

அப்போதுதான் இருட்டில் அவர் கை என் கையில் பட்டது. டிபன் கேரியரை அடிக்கத் தோதாக, இறுக்கிப் பிடித்திருந்தேன். பழக்கதோஷம்.

அதன்பிறகு அவர் முன்னால் போகவில்லை, என்னை ஒட்டியே நடந்தார். கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்றார், வீடு நெருங்கியபோது.

"சொன்னேனே," என்றேன். "லைட்டு வேணும்னு சொன்னேன்."

மறுநாள் நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவர் விளக்குக் கம்பத்தில் சார்த்திய ஏணியில் நின்றிருந்தார். எண்ணெய் டின்னை வெட்டி, வயல் பக்கம் மட்டும் மறைத்து விளக்கில் கட்டிக்கொண்டிருந்தார். சாக்கு கீழே கிடந்தது.